மச்சுவீட்டு வகையறா

"உங்க குலதெய்வம் எதும்மா?"

எடமலைப்பட்டி புதூரில் வீடு கேட்டுப் போன ஜோதியிடம் சித்ராதேவி கேட்ட முதல் கேள்வி இதுதான். வாடகையும் அட்வான்ஸும் பிறகு வந்தன. சாதியை முகத்துக்கு நேரே கேட்பது நாகரிகம் இல்லை என்று திருச்சிக்காரர்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். கேட்காமல் இருக்க மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். அதில் கெட்டிக்காரக் கேள்வி குலதெய்வம். மனுஷன் எதில் பொய் சொன்னாலும் சாமி விஷயத்தில் சொல்லமாட்டான் என்பது ஒரு கணக்கு.

ஜோதி பொய் சொல்லவில்லை. "செல்லாயி அம்மங்க. முசிறி தாண்டி, தொட்டியம் போற வழியில, ஆத்தங்கரையில இருக்கே அந்தக் கோயில்" என்றாள்.

"அட, எங்க வீட்டுக்காரரு வழிச் சாமியும் அதுதான்! அப்ப நம்மாளுன்னு சொல்லு" என்று சித்ராதேவி சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

செல்லாயிக்குப் பதினெட்டுப்பட்டி ஜனமும் பிள்ளைகள். தேர் வடம் பிடிப்பவர்கள் உண்டு, தீச்சட்டி எடுப்பவர்கள் உண்டு, கோயிலுக்கு வெளியே நின்று தப்பு அடிப்பவர்களும் உண்டு. ஜோதியின் அப்பா மதுரைவீரன் வெளியே நின்று அடித்தவர். அதைச் சித்ராதேவி கேட்கவில்லை, ஜோதி சொல்லவில்லை. இதற்கு முன் உண்மையைச் சொல்லிப் பார்த்த வீடுகளில் எல்லாம் "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்மா" என்று ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஒரு அறை, பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். குரூப் டூ மெயின்ஸ் தேர்வு இரண்டு முறை கையை விட்டுப் போயிருந்தது. இந்த முறையும் போனால் அண்ணன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கல்யாணப் பேச்சை எடுப்பான். அவளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை வேண்டும், பரீட்சை முடிகிற வரைக்கும். அவ்வளவுதான் கேட்டாள்.

கிடைத்தது அறை மட்டுமல்ல, ஓர் அத்தையும். "ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிடாத, அத்தைன்னு கூப்பிடு" என்று சித்ராதேவி முதல் நாளே சொல்லிவிட்டாள். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த கணவர் இறந்துபோய், மகன் சிங்கப்பூரில் செட்டிலாகி, தனியாக இருந்த அம்மாள். மூட்டுவலி வேறு. ஜோதி சமையலறைக்குள் வரலாம், பூஜை விளக்கை ஏற்றலாம், சட்டியிலிருந்து எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவதுகூட உண்டு. அந்த விரல்கள் தலையில் படும்போது ஜோதிக்குச் சுகமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும். வேறு யாருக்கோ வந்த பார்சலைப் பிரித்துத் தின்கிற மாதிரி. இந்தப் பிரியத்தில் ஒரு சொட்டுகூட மதுரைவீரன் மகளுக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மீன்குழம்பை வழித்துச் சாப்பிட்டாள். குழம்பு மேல் என்ன கோபம்?

சனிக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்தில் வகுப்பு. ஹரிபிரசாத் சார் மாடியில் நடத்துவார். நல்ல வாத்தியார், அதில் குறை சொல்ல முடியாது. 'சாதி அமைப்பின் தோற்றமும் வளர்ச்சியும்' என்ற பாடத்தை அவர் எடுத்தால் மாடி நிறைந்துவிடும். தெய்வீகக் கொள்கை, இனக் கொள்கை, தொழில் கொள்கை, அரசியல் கொள்கை என்று போர்டில் வரிசையாக எழுதுவார். வேத காலம், மனு, சோழர் காலத்து மானியங்கள், வெள்ளைக்காரன் எடுத்த சென்சஸ் என்று தண்ணீர் மாதிரி போகும். எல்லாக் கொள்கையிலும் ஒரு சௌகரியம் உண்டு: குற்றவாளி யாராக இருந்தாலும் அவர் செத்துப் பல நூறு வருஷம் ஆகியிருக்கும்.

"ஆதியில எல்லாம் குணத்த வச்சும் கர்மாவ வச்சும்தான் பிரிவு. பிறப்புல ஒண்ணும் கிடையாது. சென்சஸ்காரன் வந்து இறுக்கிக் கட்டிட்டான்" என்பது சாரின் சொந்தக் கருத்து. ஜோதிக்கு நாக்கு நுனி வரைக்கும் கேள்வி வரும். அடக்கிக்கொள்வாள். அந்தப் பாடத்தில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று பார்த்தே வகுப்பில் யார் எந்த ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து அதே பாடத்தை வாய்விட்டுப் படித்தால் சித்ராதேவி வெங்காயம் உரித்துக்கொண்டே தன் கொள்கையைச் சொல்வாள். "எல்லாம் அந்த ஐயமாருங்க கெளப்பிவிட்டதுடி. நம்ம ஜனம் வெள்ளந்தி. நமக்கு ஏது சாதியும் கீதியும்?" குலதெய்வத்தைக் கேட்டுச் சாவி கொடுத்த அதே வாய். ஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் சாதியை உண்டாக்கியவர்கள் எல்லோரும் எப்போதும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. செல்லாயி திருவிழா அதற்கு முந்தின புதன்கிழமை வந்து தொலைத்தது.

சித்ராதேவியின் கணவருக்கு மூத்தவர் தர்மராஜ். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கைலாசபுரத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருந்தார். வருஷா வருஷம் சொந்தபந்தங்களை ஒரு வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்த் தீச்சட்டி எடுப்பார். அந்த ஊர் ஜோதியின் ஊரேதான். முதன்முதலாக அவர்கள் பேச்சில் ஊர்ப் பெயர் வந்தபோது அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடலாமா என்று நினைத்தாள். பிறகு நிதானமாக யோசித்தால் பயப்பட ஒன்றுமில்லை. முப்பது வருஷத்துக்கு முன் ஊரை விட்டவர்கள், திருவிழாவுக்கு வந்தால் கோயிலோடு திரும்பிவிடுகிறவர்கள். காலனிப் பக்கம் இவர்களில் யாரும் கால் வைத்ததே கிடையாது. தீண்டாமையால் ஜோதிக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

"பரீட்சை இருக்கு அத்தை, நான் வரல. வேன்ல சாப்பிடக் கட்டுச்சோறு வேணா செஞ்சு தரேன்" என்று அவள் ஒப்பந்தம் பேசியிருந்தாள். புதன்கிழமை விடிகாலையில் எழுந்து புளி கரைத்து, காய்ச்சி, வேர்க்கடலையைக் கை நிறைய அள்ளிப் போட்டு, பெரிய தேக்சா நிறையப் புளிசாதம் கிளறி வைத்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போனது. ஆட்கள் வந்து சேரச் சேரத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். தர்மராஜ் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் சொந்தக்காரர் வீட்டைத் தவிர வேறு இடத்தில் கை நனைக்கக் கூடாது. தம்பி வீடுதானே என்று உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார். வேன் டிரைவர் ஜமீல் வாசல் படியில் உட்கார்ந்து தானும் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

சித்ராதேவி தேக்சாவை மூட வந்தவள் ஜோதியின் முகவாயைப் பிடித்துக்கொண்டாள். "மாமாவுக்கு உன் கைப்பக்குவம் ரொம்பப் புடிச்சுப் போச்சு. பொண்ணு எந்த வகையறான்னு கேக்குறாரு. அவரு மகன் தாயுமானவனுக்குப் பாக்கலாமான்னு ஒரு எண்ணம்போல. சொல்லு, நீ எந்த வகையறா?"

இதற்கு ஒரு பதிலை ஜோதி பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்தாள். "அப்பாவுக்குத்தான் தெரியும், கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரை ஓட்டிவிடலாம். வாயையும் திறந்துவிட்டாள்.

"நீ சொல்லாட்டியும் உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நம்ம ரத்தம் எங்க போகும்? காலனிக்காரிங்களுக்கு இந்த லட்சணம் வருமா?" என்றாள் சித்ராதேவி.

அவ்வளவுதான். இத்தனை நாளாக மென்று விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

"நான் காலனிக்காரிதான் அத்தை."

"என்னது?"

"மதுரைவீரன் மக. செல்லாயி கோயிலுக்கு வெளியில நின்னு தப்பு அடிச்ச குடும்பம். நீங்க சாமிய மட்டும்தான் கேட்டீங்க. சாமி எங்களுக்கும் அதுதான்."

சித்ராதேவி முகவாயிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. புடவையில் துடைத்தாள். பிறகு அந்தப் புடவையைப் பார்த்தாள். கத்துவாள், மூட்டையைக் கட்டச் சொல்வாள் என்று ஜோதி நின்றுகொண்டிருந்தாள். சித்ராதேவி அவளைப் பார்க்கவே இல்லை. தேக்சாவைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள். கூடத்தில் தர்மராஜ் காப்புக் கட்டிய கையோடு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? எட்டு மாசம் ஒரே சட்டியில் தின்றாயிற்று. தெரு முழுக்க "எங்க பொண்ணு" என்று சொல்லியாயிற்று. பெரியவர் விரதம் வயிற்றுக்குள் கெட்டுக் கிடக்கிறது. வெளியே தெரிந்தால் இந்தச் சிறுக்கிக்கு என்ன, இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டுவாள். சித்ராதேவியைத்தான் சொந்தத்தில் ஒரு நாயும் மதிக்காது.

"பாவி, என் குடியக் கெடுத்துட்டியேடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "இங்க பாரு. யாரு கேட்டாலும் நீ தாய்வழியில மச்சுவீட்டு வகையறா. பொன்னுசாமியோட பேத்தி. அவங்க நெலத்த வித்துட்டு ஓசூர் பக்கம் போயிட்டாங்க, யாருக்கும் போக்குவரத்து கெடையாது. உங்கம்மா அவருக்கு ரெண்டாவது மக. லவ் மேரேஜ் பண்ணி... இல்ல, வேண்டாம், அதச் சொன்னா யாரோடன்னு கேப்பாங்க. முசிறியில கட்டிக் குடுத்தாங்க. அப்பா வாழக்காய் மண்டி. புரிஞ்சுதா? பரீட்சை முடியிற வரைக்கும் இருந்துக்க. அப்புறம் மூஞ்சியக் காட்டாத."

ஹரிபிரசாத் சார் போர்டில் எழுதாத கொள்கை ஒன்று அங்கே, கடுகும் கறிவேப்பிலையும் சிந்திக் கிடந்த மேடைக்குப் பக்கத்தில், கண்ணெதிரே பிறந்தது. பரம்பரை பரம்பரையாக வந்த குலம் என்கிறார்களே, அதைச் செய்ய ஒரு அம்மாளுக்குச் சோறு ஆறுகிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. வேறு நாளாக இருந்தால் ஜோதி சிரித்திருப்பாள். ஆனால் மச்சுவீட்டுப் பொன்னுசாமி என்பது அவள் வீட்டில் யாரும் மறக்காத பெயர்.

அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது. இனிமேல் தப்பு அடிக்க வரமாட்டேன், மண்டியில் லோடு ஏற்றுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று மதுரைவீரன் ஊர்க் கூட்டத்தில் சொன்னார். பொன்னுசாமி அவரைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து, வலது கையைக் கல்லின் மேல் வைத்து, உலக்கையால் விரல்களை நசுக்கினார். கேஸ் ஆனது. கேஸுக்குப் பயந்துதான் மச்சுவீட்டார் ஊரை விட்டுப் போனார்கள். இன்று வரை மதுரைவீரனுக்கு அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட வராது.

ஒரு வார்த்தை சொல்லாமல் தலையை ஆட்டினால் ஞாயிற்றுக்கிழமை வரை அறை உண்டு. ஜோதி தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்காகத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கூடத்துக்குப் போய்ச் சித்ராதேவி சொன்னதும் தர்மராஜ் துள்ளி எழுந்துவிட்டார். "மச்சுவீட்டுப் பேத்தியா! அட, நான் நெனச்சேன். மூக்கப் பாரு, அப்படியே பொன்னுசாமி மூக்கு. இந்தப் புள்ளய விட்டுட்டா போறது? ஏறும்மா வேன்ல. அம்மன் காலடியில ஹால் டிக்கெட்ட வச்சு எடுத்துட்டு வருவோம்." மறுக்க மறுக்கக் கேட்கவில்லை. சித்ராதேவி பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். அதிகம் பேசினால் சந்தேகம் வரும் என்று அர்த்தம். ஜோதி பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

டோல்கேட் தாண்டி, குணசீலம் தாண்டி, வேன் போனது. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வாழைத்தோப்பு. ஜமீல் பாட்டுப் போட்டுவிட்டார். முழுப் பூசணிக்காய் ஒன்று வேனின் நடுவில் உட்கார்ந்திருந்தது; எல்லோரும் சேர்ந்து அதன்மேல் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னுசாமியின் இரண்டாவது மகளை ஒரு சின்னம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. "செவப்பா, ஒல்லியா இருப்பா" என்றாள். இன்னொருத்தர் அந்தக் கல்யாணத்துக்கே போயிருந்தாராம், முசிறியில் நல்ல சாப்பாடாம்.

முசிறி பஸ் ஸ்டாண்டைக் கடந்ததும் தர்மராஜ் முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். "உங்க தாத்தா மாதிரி ஒரு ஆம்பள இனிமே பொறக்கணும் கண்ணு. காலனிப் பய ஒருத்தன், தப்புத் தூக்க மாட்டேன்னு சபையில திமிராப் பேசினான். தென்ன மரத்துல கட்டிவச்சு விரல ஒண்ணொண்ணா நசுக்கினாரு பாரு! அந்த வருஷம் திருவிழாவுக்கு வந்த நான் பக்கத்துல நின்னு பாத்தேன். கயித்த நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு வச்சுக்கயேன். அதுக்கப்புறம் ஒரு பய வாயத் தொறக்கல. நீ அந்த ரத்தம். பரீட்சையில பாஸாகி அதிகாரியா வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தாயுமானவன்கூட, கல்யாணத்துக்கு நிற்கிற பையன் எவ்வளவு சிரிக்கலாமோ அவ்வளவு சிரித்தான்.

சித்ராதேவி ஜோதியின் தொடையை இறுகப் பிடித்தாள். ஜோதி அந்தக் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தாள். அறை போனால் போகட்டும்.

"அடிச்சவரு எனக்கு யாரும் இல்ல. அடிபட்டவரு எங்கப்பா" என்றாள்.

ஜமீல் பாட்டை நிறுத்தினார்.

"மதுரைவீரன். பேரு மறந்திருப்பீங்க, அதான் சொல்றேன். இன்னிக்கும் எங்கம்மாதான் சோறு உருட்டிக் கையில குடுக்குது. நீங்க எல்லாம் திருப்தியாச் சாப்பிட்டுட்டு வந்தது அந்த மதுரைவீரன் மக கிளறின புளிசாதம்."

சித்ராதேவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயையோ, படிச்சுப் படிச்சு இந்தப் பொண்ணுக்குப் புத்தி பெரண்டு போச்சு மாமா! ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்ல, சாதி சாதின்னு அதையேதான் படிக்குது. தலைக்கு ஏறிடுச்சு!"

ஜோதி அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தாளோ அது வரவில்லை. எல்லோருடைய முகமும் தெளிந்தது. "அதானே! எங்க ஓரகத்தி பையன்கூட இப்படித்தான், நீட்டுக்குப் படிச்சு" என்றாள் சின்னம்மா. "மச்சுவீட்டுக் கோபம்டா இது, எப்படிப் பேசுது பாரு" என்றார் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர். தர்மராஜ் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே, ஒரு குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். "நீ மச்சுவீட்டுப் பேத்திதாம்மா. எங்களுக்குத் தெரியாதா? தண்ணி குடி."

அவளுடைய அப்பாவின் விரல்களை எடுத்தவர்கள் இப்போது அப்பாவையே எடுக்கிறார்கள், அதுவும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக. ஜோதிக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு கேவலமானவர்களிடம் எட்டு மாசம் பயந்துகொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"டிரைவரண்ணே, அடுத்த ஸ்டாப்பு எங்க காலனிதான், நிறுத்துங்க."

"நிறுத்தாதப்பா, நேராப் போ!" என்றார் தர்மராஜ்.

ஜமீல் நிறுத்தினார். "எறங்குற ஆள எறக்கிவிடணும் சார். புளிசாதம் நல்லா இருந்துச்சும்மா."

காலனி நிழற்குடையில் களை வெட்டப் போகும் பெண்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அதில் இருசம்மாளும் இருந்தாள். ஜோதி இறங்கி, வேன் ஜன்னலுக்குக் கேட்கும்படி, தொண்டை கிழிய "அம்மா!" என்று கூப்பிட்டாள். இருசம்மாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து மதுரைவீரனும் எழுந்து வந்து, "ஞாயித்துக்கெழம பரீட்சைன்னியே கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே மகளின் பையை வாங்கக் கையை நீட்டினார்.

வலது கை. கட்டைவிரல் தவிர மற்றதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிப்போயிருந்த கை. பை வாரை அந்தக் கட்டைவிரலில்தான் மாட்டிக்கொண்டார்.

வேன் ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். இந்த முறை யாருக்கும் யார் கல்யாணமும் நினைவுக்கு வரவில்லை.

"புஸ்தகத்தயெல்லாம் அள்ளி வாசல்ல வச்சிடுங்க அத்தை. சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன். நான் பரீட்சை எழுதுவேன்" என்றாள் ஜோதி. சித்ராதேவி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வேனின் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. தர்மராஜ் இறங்கி, சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து, காப்புக் கட்டிய கையின் விரல்களைத் தொண்டைக்குள் விட்டுக் குடைந்தார். ஓங்கரிக்கும் சத்தம் நிழற்குடை வரை கேட்டது. ஒன்றும் வரவில்லை, எப்போதோ செரித்துப்போயிருந்தது. விரலை இன்னும் ஆழமாக விட்டார்.

"யாருடி அந்தப் பெரியவரு? என்ன ஆச்சு அவருக்கு, பாவம்?" என்று இருசம்மாள் டீக்கடைக் குடத்துத் தண்ணீரை எடுக்கப் போனாள்.

ஜோதி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தண்ணி குடுக்காதம்மா. அவரு அதையும் சேத்து வாந்தி எடுக்கணும்."